பெயர் இழந்த அரசி



ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தைப் பல ஆண்டுகள் மாணவர்க்குக் கற்பித்தவன் நான். ஒரு நாள் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, மாக்பெத்தின் மனைவிக்குப் பெயர் என்ன?” என்று வினவினான். நாடகம் முழுவதும் தேடினாலும் அவளுக்குப் பெயர் கிடையாது. “அது தேர்வுக்கு வராது, உட்கார்” என்று சொல்லிவிட்டேன். அந்த விடை என் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருந்தது. ஓய்வு பெற்ற பின்னரே உரிய விடையைத் தேட அவகாசம் வாய்த்தது.

அவள் பெயர் குருவோக். ஸ்காட்லாந்து நாட்டுச் செயின்ட் ஆண்ட்ரூஸ் மடத்தின் பதிவேட்டில் ஓர் அறக்கொடை குறிக்கப்பட்டுள்ளது. லெவன் ஏரித் துறவியர்க்கு மாக்பெத்தும் குருவோக்கும் கிர்க்னெஸ் என்னும் நிலத்தை வழங்கிய செய்தி அது. அரசனை ஃபின்லேயின் மகன் என்று கூறும் அப்பதிவு, அரசியைப் போயித்தின் மகள் என்று கூறுகிறது. கணவன் பெயரோடு நில்லாமல், அவள் தந்தையின் பெயரையும் பொறித்தது ஏன்?

போயித், கென்னத் என்னும் மன்னனின் மகன். 995-இல் இறந்த இரண்டாம் கென்னத்தா, 1005-இல் கொல்லப்பட்ட மூன்றாம் கென்னத்தா என்பதில் அறிஞரிடையே இரு கட்சி உண்டு. எவராயினும் குருவோக் ஓர் அரசனின் பேத்தியே. அந்நாளில் அரியணை தந்தையிடமிருந்து மகனுக்கு நேரே செல்வதில்லை. தாயாதிக் கிளைகளுக்குள் மாறி மாறிச் சென்றது. ஆகவே அவள் பிறந்த குலத்துக்கும் அரசுரிமை இருந்தது.

அவ்வுரிமையே அக்குலத்துக்குப் பகையாயிற்று. 1033-இல் போயித்தின் பேரன் ஒருவனை அரசன் இரண்டாம் மால்கம் கொன்றான். மறு ஆண்டு மால்கம் இறக்கவே, அவனுடைய மகள்வயிற்றுப் பேரன் டங்கன் முடிசூடினான். இதற்கிடையே குருவோக்கும் கைம்பெண் ஆகியிருந்தாள். மோரே நாட்டுத் தலைவனான அவள் முதற் கணவன் கில் கோம்கன், 1032-இல் ஐம்பது பேருடன் எரிக்கப்பட்டான். அவர்களுடைய மகன் லூலக் என்பர் வரலாற்று அறிஞர். பின்னர் அவள் மணந்த மாக்பெத், கில் கோம்கனின் தாயாதி.

1040-இல் டங்கன் மாண்டது படுக்கையறையில் அன்று, போர்க்களத்தில். அதன்பின் மாக்பெத் 17 ஆண்டுகள் ஆண்டான். 1057-இல் அவன் வீழ்ந்ததும் மகுடம் சூடியவன் லூலக். அடுத்த ஆண்டே அவனும் கொல்லப்பட்டான். லூலக்கின் மகள்வயிற்றுப் பேரனான ஆங்கஸ் 1130-இல் போரில் மடிந்தான்.

நாடகத்தில் அச்சீமாட்டி, தான் குழந்தைக்குப் பாலூட்டியதைப் பற்றிப் பேசுகிறாள். மேடையிலோ அவளுடைய குழந்தை எதுவும் தோன்றுவதில்லை. வரலாற்றில் அவளுக்கு மகன் இருந்தான். நாடகம் எழுதப்பட்ட காலத்தில் ஆண்ட முதலாம் ஜேம்ஸ், டங்கனின் வழித்தோன்றல். வென்றவர் வழியில் வந்த கதையே அரங்கேறியது. தோற்றவள் பெயரையும் குலத்தையும் இழந்தாள். அக்கதையை மட்டுமே நானும் கற்பித்தேன்.

அன்று கேட்ட மாணவனுக்கு இன்று விடை சொல்கிறேன். தம்பி, அவள் பெயர் குருவோக், போயித்தின் மகள், லூலக்கின் தாய். தேர்வுக்கு வராவிட்டாலும், கேட்க வேண்டிய கேள்வியைத்தான் நீ கேட்டாய்.