தொடுமுனையிலிருந்த கை

சுவிட்சைப் போட்டால் உள்ளே இரண்டு உலோகத் துண்டுகள் தொட்டுக்கொள்கின்றன. அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். ஆனால் எவ்வளவு மெருகேற்றினாலும் உலோகப் பரப்பு மேடுபள்ளம்தான். மேடுகள் சந்திக்கிற சில நுண்புள்ளிகளில் மட்டுமே மின்சாரம் கடக்கிறது. ராக்னர் ஹோல்ம் 1946இல் வெளியான தம் நூலில் இதை விரிவாக எழுதினார். முழுமையான தொடுகை என்று ஒன்று கிடையாது. தொலைபேசியின் வரலாற்றை இந்தப் புள்ளியிலிருந்து வாசித்துப் பார்க்கலாம்.

1878இல் பாஸ்டன் எக்ஸ்சேஞ்சில் எம்மா நட் வேலைக்குச் சேர்ந்தார். முதல் பெண் ஆபரேட்டர். அதுவரை இருந்த பையன்கள் சந்தாதாரர்களிடம் வாய்க்கு வந்தபடி பேசினார்கள் என்று புகார். பெண் என்றால் பணிவு, இனிய குரல், குறைந்த கூலி. அதன்பின் பலகையில் பிளக்கைச் செருகி இரண்டு கம்பிகளை இணைத்தது பெண்ணின் கை. தொடுமுனையே அவள்தான்.

கன்சாஸ் நகரத்தில் சவ அடக்கத் தொழில் செய்த அல்மன் ஸ்ட்ரௌஜருக்கு அந்தக் கையின்மீது சந்தேகம். போட்டிக்காரரின் மனைவி ஆபரேட்டராம். தனக்கு வரும் அழைப்புகளை அவள் புருஷனுக்குத் திருப்பிவிடுகிறாளாம். கதை எப்படியோ, 1891இல் அவர் பெற்ற காப்புரிமை நிஜம். மின்காந்தம் ஒரு தண்டைப் படிப்படியாய் உயர்த்திச் சுழற்றும்; அதன் நுனி வரிசையான தொடுமுனைகளில் ஒன்றில் போய் நிற்கும். 1892இல் இந்தியானா மாநிலத்து லா போர்ட்டில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் திறந்தது. பெண்ணில்லாத தொலைபேசி என்பதே விளம்பரம்.

1919 ஏப்ரலில் நியூ இங்கிலாந்தின் ஐந்து மாநிலங்களில் சுமார் 8,000 ஆபரேட்டர்கள் ஜூலியா ஓ'கானர் தலைமையில் பலகையை விட்டு எழுந்தார்கள். ஆறே நாளில் வென்றார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில் பெல் நிறுவனம் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் தானியங்கி எக்ஸ்சேஞ்சைத் திறந்தது. பழிவாங்கல் என்று சொல்லிவிட முடியாது. ஏற்பாடுகள் முன்பே தொடங்கியவை. கை எழுந்தால் எல்லாம் நின்றுபோகும் என்பது மட்டும் இரு தரப்புக்கும் தெரிந்துவிட்டது.

அந்தக் கைக்கும் நிறம் இருந்தது. பெல் பலகைகளில் 1940கள் வரை கறுப்பினப் பெண்களுக்குப் பெரும்பாலும் இடமில்லை. கதவு திறந்தபோது வேலையே கரைந்துகொண்டிருந்தது.

யந்திரம் உழைப்பை ஒழித்ததா? எண்ணைச் சுழற்றும் வேலை கூலியில்லாமல் சந்தாதாரரின் விரலுக்கு வந்தது. தொடுமுனைகளில் தூசும் துருவும் படிந்தன. துடைக்க ஆள் தேவைப்பட்டது. எல்லாம் தானாகவே நடக்குது என்று எந்த யந்திரத்தைக் காட்டிச் சொன்னாலும், துடைக்கிறது யார் என்று நாம் ஒரு தடவை கேட்டாக வேண்டும்.