மெனோ மைதானத்துக்காரர்கள்

பிரான்சின் அல்சாஸ் பகுதியில் உள்ள ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஜெர்மனி போகிற ரயிலில் ஏறினால், சில நிமிடங்களில் கிரிமெரி-மெனோ நிலையம் வரும். இறங்கி நடந்தால் ஊரின் கால்பந்து அணியான ராசிங் கிளப்பின் மெனோ மைதானம். இறங்காவிட்டால் ரைன் பாலம், அக்கரையில் ஜெர்மனி. ஆட்ட நாட்களில் அங்கே இறங்கும் கூட்டத்தோடு நானும் இறங்குவேன். பேரனின் தோளைப் பிடித்தபடி வரும் முதியவர்கள் தமக்குள் அல்சாஸ் மொழி பேசுவார்கள், பேரனிடம் பிரெஞ்சு பேசுவார்கள்.

1906இல் நொய்டோர்ஃப் பகுதிப் பள்ளிப் பிள்ளைகள் இந்தக் கிளப்பைத் தொடங்கியபோது அல்சாஸ் ஜெர்மனியின் கையில் இருந்தது. பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் நடந்து 1871இல் முடிந்த போரின் விளைவு அது. 1914இல் மெனோவில் ஒரு தோட்டத்தை வாடகைக்கு எடுத்து ஆடத் தொடங்கினார்கள். முதல் உலகப் போர் முடிந்ததும் ஊர் பிரான்சுக்குத் திரும்பியது. 1919இல் கிளப் பிரெஞ்சுப் பெயர் வைத்துக்கொண்டது. 1940இல் நாஜிகள் வந்து அதையும் ஜெர்மன் பெயராக்கினார்கள். 1942 முதல் அல்சாஸ், பக்கத்து மொசெல் பகுதி இளைஞர்கள் சுமார் 1,30,000 பேரை வலுக்கட்டாயமாகத் தங்கள் படையில் சேர்த்தார்கள். பல்லாயிரம் பேர் வீடு திரும்பவில்லை.

அந்த இருண்ட காலத்துக்குச் சற்று முன், 1938 ஜூன் 5 அன்று, இதே மைதானத்தில் ஓர் உலகக் கோப்பை ஆட்டம் நடந்தது. கூடுதல் நேரம் வரை போய் பிரேசில் 6-5 என்று போலந்தை வென்றது. போலந்தின் விலிமோவ்ஸ்கி நான்கு கோல் அடித்தும் தோற்றார். அவரும் எல்லைப்புறத்துக்காரர்; 1916இல், அன்று ஜெர்மனி வசமிருந்த கடோவிட்சேயில் பிறந்தவர். போரின்போது ஜெர்மனிக்காக ஆடினார். போலந்தில் துரோகி என்ற பெயர் அவரைவிட்டுப் போகவில்லை. ராசிங்கின் ஒஸ்கார் ஹைசரரும் 1914இல் ஜெர்மானியக் குடிமகனாகப் பிறந்தவர்தான். பிரான்சுக்காக அதே உலகக் கோப்பையில் கோல் அடித்த அவர், ஜெர்மனி அணிக்கு அழைப்பு வந்தபோது மறுத்துவிட்டார்.

ஹைசரரின் துணிச்சலை வணங்குகிறேன். ஆனாலும் விலிமோவ்ஸ்கியைத் தூற்ற எனக்கு மனம் வரவில்லை. கேட்காமலே குடியுரிமையை மாற்றிய அரசுகள், பிறகு விசுவாசத்தையும் கேட்டது என்ன நியாயம்?

1979இல் ராசிங் முதன்முறையாக பிரெஞ்சு லீக் பட்டத்தை வென்றது. பயிற்சியாளர் ழில்பேர் கிரெஸ், நாஜி ஆட்சியில் இருந்த ஸ்ட்ராஸ்பூர்க்கில் 1941இல் பிறந்த உள்ளூர்ப் பிள்ளை. 2011இல் கடன் கழுத்தை நெரித்து, கிளப் ஐந்தாம் நிலைப் போட்டிக்குத் தள்ளப்பட்டது. ரசிகர்கள் கைவிடவில்லை. 2017இல் முதல் நிலைக்கு மீண்டார்கள்.

2023இல் இங்கிலாந்தின் செல்சி கிளப்பின் உரிமையாளர்கள் ராசிங்கை வாங்கினார்கள். 2024-25 பருவத்தில் ரசிகர் குழுக்கள், சொந்த மைதானத்து ஆட்டங்களில் முதல் 15 நிமிடம் கோஷம் போடாமல் எதிர்ப்பைக் காட்டின. வெற்றி வந்துகொண்டிருக்கும்போது எதற்கு இந்த வீம்பு என்று கேட்பவர்கள் உண்டு. தங்களைக் கேட்காமலே கைமாறுவது எப்படி இருக்கும் என்று மூன்று தலைமுறையாக அறிந்த ஊர் இது. ரசிகர்களின் எதிர்ப்பு நியாயம் என்றே நான் சொல்வேன்.