அச்சுக்கூடத்தில் உருவான விதி: ஆங்கிலத்தில் பெரிய எழுத்து வந்த வழி

ஆங்கில வாக்கியத்தின் முதல் சொல்லும், ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பதைத் தொடக்கப் பள்ளியிலேயே பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அது அம்மொழியின் இலக்கணம் என்றே நாமும் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் வினைச்சொல் காலம் காட்டுவதைப் போல மொழியோடு பிறந்த இயல்பு அல்ல அது. சுவடியைப் படியெடுத்தவர்களும் அச்சுக் கோத்தவர்களும் தங்கள் வேலையின் தேவைக்காக வளர்த்துக்கொண்ட வழக்கம். இன்று நாம் கற்கும் வடிவம் நிலைபெற்றது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

ரோமானியக் கல்வெட்டுகளில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை. சிறிய வடிவங்கள் வேகமாக எழுதும் கையில் மெல்ல உருவானவை. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் சார்லமேனின் ஆட்சிப் பரப்பில் தெளிவான சிற்றெழுத்து முறை பரவியபோது, பழைய பெரிய வடிவங்கள் தலைப்புக்கும் பகுதித் தொடக்கத்துக்கும் ஒதுங்கின. புதிய பகுதி இங்கே தொடங்குகிறது என்று வாசிப்பவரின் கண்ணுக்குக் காட்டுவதே அவற்றின் வேலை. பெயர்ச்சொல்லுக்கும் அவற்றுக்கும் அன்று உறவில்லை. கி.பி. 1000ஐ ஒட்டி எழுதப்பட்ட, பழைய ஆங்கிலக் காவியமான பேயோவுல்ஃப் சுவடியில் மன்னர்களின் பெயர்கள்கூடச் சிறிய எழுத்திலேயே நிற்கின்றன.

'நான்' என்று பொருள்படும் ஒற்றை எழுத்துச் சொல்லை ஆங்கிலேயர் எப்போதும் பெரிதாக எழுதுவதைச் சிலர் தற்பெருமை என்பார்கள். அதற்குச் சான்று இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'இச்' என்று இருந்த அந்தச் சொல், பிற்காலத்தில் ஒரே ஒரு கோடாகச் சுருங்கியது. கையெழுத்துச் சுவடியில் பக்கத்து எழுத்துகளின் கோடுகளுக்கு நடுவே அது காணாமல் போய்விடும். ஆகவே எழுதுவோர் அதை நீட்டிப் பெரிதாக்கினர் என்பதே பொருத்தமான விளக்கம்.

1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கிய பின், முடிவெடுக்கும் உரிமை அச்சுக் கோப்பவரின் கைக்கு வந்தது. 1569இல் எழுத்து முறை பற்றி நூல் எழுதிய ஜான் ஹார்ட், வாக்கியத் தொடக்கம், சிறப்புப் பெயர் ஆகியவற்றோடு முக்கியமான பொதுப் பெயருக்கும் பெரிய எழுத்தைப் பரிந்துரைத்தார். எது முக்கியம் என்பதற்கு அளவுகோல் ஏது? பட்டப்பெயர், விளிச்சொல், கலைகளின் பெயர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. 1700ஐ ஒட்டிய நூல்கள் பலவற்றில் ஏறத்தாழ எல்லாப் பெயர்ச்சொற்களும் பெரிய எழுத்தில் தொடங்குகின்றன. இந்த வழக்கம் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஏறி, பின் விரைவாகச் சரிந்தது. 1755இல் லண்டனில் வெளியான ஜான் ஸ்மித்தின் அச்சுத் தொழில் கையேடு அந்தத் திருப்பத்தைக் காட்டுகிறது. பெயர்ச்சொல் அனைத்துக்கும் பெரிய எழுத்து இடும் பழைய முறையா, சிறப்புப் பெயருக்கும் அழுத்தம் வேண்டும் சொல்லுக்கும் மட்டும் இடும் புதிய முறையா என்பதை வேலை தொடங்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்கிறது அது. ஒரே பட்டறையில் இரண்டு முறைகளும் நடந்திருக்கின்றன!

இந்தக் குழப்பத்தை நேரில் காண 1776ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைவிடச் சிறந்த ஆவணம் இல்லை. ஜூலை 4 இரவு பிலடெல்பியாவில் ஜான் டன்லப் அச்சிட்ட தாளில், 'நிகழ்வுகள்', 'மக்கள்' என்று பொருள்படும் சாதாரணச் சொற்கள்கூடப் பெரிய எழுத்தில் தொடங்குகின்றன. சில வாரங்களில் தோலில் அழகாக எழுதப்பட்டு, ஆகஸ்ட் 2 முதல் கையொப்பங்கள் பெற்ற படியில் அதே சொற்கள் சிறிய எழுத்தில் உள்ளன. வரைவை எழுதிய ஜெஃபர்சனோ, தம் கையெழுத்தில் வாக்கியத்தையே சிறிய எழுத்தில் தொடங்கும் பழக்கம் உடையவர். ஒரு நாடு பிறந்ததை அறிவித்த வாசகத்துக்கே ஒரே ஆண்டில் மூன்று விதமான எழுத்து. எது சரி என்று அன்று யாரும் வழக்காடியதாகத் தெரியவில்லை. சரி, தவறு என்ற எண்ணமே பிற்காலத்தது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தென்படவில்லை.

பழைய முறை மறைவதைக் கண்டு வருந்தியவர்களும் இருந்தனர். வாழ்நாளெல்லாம் அச்சுத் தொழிலை நேசித்த பெஞ்சமின் பிராங்க்ளின், 1789 டிசம்பரில் அகராதி ஆசிரியர் நோவா வெப்ஸ்டருக்கு எழுதிய கடிதத்தில், பெயர்ச்சொற்களின் பெரிய எழுத்து வாசிப்பவருக்கு, குறிப்பாக மொழியை நன்கு அறியாதவருக்கு, உதவியாக இருந்தது என்றும், வரி சீராகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் அச்சகத்தார் அதைக் கைவிட்டனர் என்றும் குறைப்பட்டார். அவர் வாதம் புறக்கணிக்கத்தக்கது அல்ல. ஜெர்மன் மொழி அந்த வழக்கத்தை இன்றும் காக்கிறது. டேனிஷ் மொழி 1948இல்தான் அதைக் கைவிட்டது.

வென்றது இலக்கண ஆசிரியர் லிண்ட்லி மரே. 1795இல் வந்த அவரது ஆங்கில இலக்கணம், பழைய முறை தொல்லையானது, பக்கத்தை நெரிசலாக்குவது என்று சொல்லி ஒதுக்கியது. பின்பு வாக்கியத் தொடக்கம், இறைவனைக் குறிக்கும் பெயர், சிறப்புப் பெயர், அதிலிருந்து பிறந்த பெயரடை, செய்யுளின் ஒவ்வோர் அடியின் முதல் சொல், 'நான்' என்னும் சொல், 'ஓ' என்னும் விளி எனப் பட்டியல் இட்டது. நம் பள்ளிகளில் தலைமுறைகளாகப் புழங்கும் ரென்–மார்ட்டின் இலக்கண நூலைத் திறந்தால், நிறுத்தக்குறிகளைச் சொல்லும் பகுதியில் ஏறத்தாழ இதே பட்டியலைக் காணலாம். இன்று எவரும் எழுதாத அந்த 'ஓ'கூட அதில் இடம்பெற்றிருக்கிறது.

ஆனால் பட்டியல் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. அமெரிக்காவில் அன்று 'நீக்ரோ' என்றே அழைக்கப்பட்ட கறுப்பின மக்களின் பெயரைப் பத்திரிகைகள் சிறிய எழுத்தில் அச்சிட்டு வந்தன. அந்தப் பெயருக்கு ஒரு பெரிய எழுத்து உரிமை என்று சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டுபோய்ஸ் 1899இலேயே தம் பிலடெல்பியா ஆய்வு நூலின் அடிக்குறிப்பில் வாதிட்டார். நியூயார்க் டைம்ஸ் அதை ஏற்றது 1930இல். அதன் இடத்துக்கு வந்த 'கறுப்பர்' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லுக்கு அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பெரிய எழுத்து வழங்கியது 2020 ஜூனில். அடுத்த மாதமே, 'வெள்ளையர்' என்ற சொல்லைச் சிறிய எழுத்திலேயே தொடர்வது என்றும் அது முடிவு செய்தது.