கிழிந்த பாயும் அமானிதமும்

காற்று, கடலோடிக்குக் கிடைத்த கூலி கேளாத வேலையாள். ஆனால் அந்த வேலையாளைப் பிடித்து வேலை வாங்க ஒரு பாய் வேண்டும். மரக்கலத்தின் உறுப்புகளுள் விரைவில் மூப்படைவதும் அந்தப் பாயே. நல்ல தேக்கில் இழைத்த பலகை தந்தையிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து பேரனுக்கும் செல்லும். பருத்தித் துணியில் தைத்த பாயோ சில பருவங்களிலேயே வெயிலில் வலுவிழந்து, உப்பில் விறைத்து, ஈரத்தில் பூசணம் பூத்து நைந்துவிடும். பெருவணிகனுக்குப் புதுப்பாய் என்பது செலவுக் கணக்கில் ஒரு வரி. பிறர் ஓட்டிக் கழித்த சிறு தோணியைக் கடன்பட்டு வாங்கிய ஏழைக்கோ, அது அவன் வீட்டு அடுப்பைப் பற்றிய கேள்வி. ஆகவே அவன் ஊசியைக் கையில் எடுத்தான்.

காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் நாகூராரும் பரங்கிப்பேட்டையாரும் நடத்திய கடல் வாணிகத்தைப் பற்றி நம்மவர் நிறைய எழுதியுள்ளனர். முத்தும் மிளகும் துணியும் ஏடுகளில் இடம்பெற்றன. கரை மணலில் காலை நீட்டி அமர்ந்து, மடியில் பாயை விரித்துத் தைத்த கைகளைப் பற்றி எழுதியோர் குறைவு. எனினும் திருமறை விளக்கவுரைகளிலும், ஹதீது நூல்களிலும், அறபுப் பயணிகளின் குறிப்புகளிலும் அக்கைகளின் சுவடுகள் ஆங்காங்கே தென்படுகின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொற்கள் சொல்லும் வரலாறு

தரையில் விரிப்பதும் பாய். பாய்மரத்தில் விரிப்பதும் பாய். இரண்டுக்கும் ஒரே சொல் வழங்குவது வியப்பன்று. பல நாடுகளில் துணிப்பாய்க்கு முன்னரும் அதனோடு கூடவும் ஓலையாலும் நாராலும் முடைந்த பாய்களே காற்றைப் பிடித்தன. சங்கப் புலவர்கள் பாயை 'இதை' என்றும் வழங்கினர். பாய்மரத்தைக் 'கூம்பு' என்றனர். அறபியில் பாய்க்கு 'ஷிராஉ' என்றும் 'கில்உ' என்றும் பெயர்கள் உண்டு.

அறபியும் பாரசீகமும் நம் கரைக்கு வேறு சொற்களைத் தந்தன. சுக்கான் அறபுச் சொல். கப்பல் தலைவரைக் குறிக்கும் நகுதா பாரசீகச் சொல். 'மாலுமி' என்பதோ 'முஅல்லிம்' என்பதன் தமிழ் வடிவம். பள்ளியில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவரும் முஅல்லிம். கடலில் வழி காட்டுபவரும் முஅல்லிம். இருவரிடமும் பிறர் உயிர் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்பதை அச்சொல் நினைவூட்டுகிறது.

அர்ரஹ்மான் சூராவின் 24ஆம் வசனம், மலைகளைப் போல் கடலில் செல்லும் மரக்கலங்களை இறைவனின் அருட்கொடையாகக் குறிப்பிடுகிறது. அங்கு வரும் 'முன்ஷஆத்' என்னும் சொல்லுக்குத் தாபிஈன்களில் ஒருவரான முஜாஹித் (ரஹ்) அவர்கள் நுட்பமான பொருள் கூறியுள்ளார்கள். பாய் உயர்த்தப்பட்ட கலமே அச்சொல்லுக்கு உரியது. பாய் உயர்த்தப்படாத கலத்துக்கு அப்பெயர் பொருந்தாது என்பது அவர்களின் விளக்கம். பலகை எத்தனை உறுதியாயினும், பாய் ஏறும்போதுதான் கலம் அந்தச் சிறப்பைப் பெறுகிறது.

ஐதாபின் கலங்கள்

ஸ்பெயின் தேசத்துக் கிரானடாவிலிருந்து 1183ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர், செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையிலிருந்த ஐதாப் துறைமுகத்தை அடைந்தார். இன்று பாழ்பட்டுக் கிடக்கும் அத்துறை, அன்று இந்திய மரக்கலங்களும் யமன் மரக்கலங்களும் வந்து குவிந்த இடம். அங்கிருந்து ஜித்தாவுக்கு ஹாஜிகளை ஏற்றிச்சென்ற 'ஜில்பா' என்னும் கலங்களை அவர் கூர்ந்து கவனித்து எழுதியுள்ளார்.

அக்கலங்களில் ஓர் ஆணியும் இல்லை. தேங்காய் நாரை அடித்துத் திரித்த கயிற்றால் பலகைகளைத் தைத்திருந்தனர். இடுக்குகளில் பேரீச்சை மரச் சிம்புகளைச் செருகி, நெய்யோ ஆமணக்கெண்ணெயோ சுறா எண்ணெயோ பூசினர். அவற்றுள் சுறா எண்ணெயே சிறந்ததென அவர் குறித்துள்ளார். மரம் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் வந்தது. பாயோ, நம் பனைக்கு உறவான 'முக்ல்' மரத்தின் ஓலையால் முடையப்பட்டது. கயிற்றால் தைத்த படகு நமக்குப் புதிதன்று. சென்னைக் கரையில் அலை கடந்து ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கிய மசூலாப் படகுகள் அவ்வகையினவே.

ஆணியற்ற கலம், ஓலைப் பாய் என்றதும் இது ஏழ்மையின் அடையாளம் என்று நாம் எண்ணிவிடலாகாது. 14ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் காஜியாகப் பணியாற்றிய இப்னு பதூதா, இரும்பாணி அடித்த கலம் பாறையில் மோதினால் உடையும் என்றும், கயிற்றால் தைத்த கலம் வளைந்துகொடுத்துத் தப்பும் என்றும் எழுதியுள்ளார். கள்ளிக்கோட்டையில் அவர் கண்ட பெரும் சீனக் கப்பல்களின் பாய்களும் மூங்கிற் பிளாச்சுகளைப் பாய்போல் முடைந்து செய்தவையே. மலிவான பொருள் வேறு. மட்டமான பொருள் வேறு.

ஐதாபின் குறை அதன் ஓலையிலும் கயிற்றிலும் இருக்கவில்லை. கலத்துக்கு உரியோரின் உள்ளத்தில் இருந்தது. அக்கலங்கள் கட்டுக்கோப்பின்றி வலுக்குன்றி இருந்தன என்று எழுதும் இப்னு ஜுபைர், அதன் காரணத்தையும் சொல்கிறார். கூட்டில் அடைத்த கோழிகளைப்போல் ஹாஜிகளை ஒருவர்மேல் ஒருவராகத் திணித்து, கலத்தின் விலை முழுவதையும் ஒரே பயணத்தில் ஈட்டிவிடுவது உரியோரின் வழக்கம். அதன்பின் கடல் அக்கலத்தை என்ன செய்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. கலத்தைக் கொடுப்பதோடு எங்கள் கடமை முடிந்தது, உயிரைக் காத்துக்கொள்வது ஹாஜிகளின் பாடு என்னும் பொருளில் ஒரு வழக்குமொழியே அவர்களிடம் இருந்ததாம். ஒரே பயணத்தில் முதலை எடுப்பவன் பாயை ஏன் தைக்கப் போகிறான்?

அதே இப்னு ஜுபைர் 1184ஆம் ஆண்டு அக்கா துறையிலிருந்து ஜினோவாக்காரரின் கப்பலில் ஊர் திரும்பினார். ஓரிரவு மேல்காற்று சீறி முன்பாய்மரத்தை ஒடித்தது. மரத்தின் பாதி பாயோடு கடலில் விழுந்தது. மாலுமிகள் பெரும்பாயை இறக்கிக் கப்பலை நிறுத்தினர். கப்பலோடு பிணைத்திருந்த சிறு படகினர் விரைந்து சென்று, விழுந்த மரத்தையும் பாயையும் அலையிலிருந்து மீட்டுக் கொணர்ந்தனர். கப்பல் பெரிது, உரியோர் செல்வர். ஆயினும் நடுக்கடலில் ஒரு கிழிந்த பாயின் அருமையை அவர்கள் அறிந்திருந்தனர்.

தைக்கும் முறை

பாய் தைப்பது தையற்காரரின் வேலையைப் போன்றதன்று. அதற்கெனச் சில விதிகள் உண்டு. எந்நாட்டுக் கடலோடியும் அனுபவத்தில் கண்டுகொண்ட விதிகள் அவை.

முதலில் நைவது துணியன்று, தையலே. நூல் துணியின் மேலே எழும்பி நிற்பதால் கயிற்றிலும் மரத்திலும் உரசுவது அதுதான். ஆகவே பழம்பாயை வாங்குபவர் அதை வெளிச்சத்தில் விரித்து, ஒவ்வொரு தையலையும் நகத்தால் நெருடிப் பார்ப்பார். நூல் எளிதில் அறுந்து, துணி உறுதியாய் இருந்தால் அந்தப் பாய்க்கு உயிர் இருக்கிறது. மறுதையல் போட்டால் போதும். துணியே விரலுக்குக் கிழிந்தால் அது பாயாகாது. ஆயினும் எறியத்தக்கதன்று. அதில் உறுதியான பகுதிகளை வெட்டி ஒட்டுத்துணிக்கு வைத்துக்கொள்வர்.

ஒட்டுப் போடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. நைந்த பாயில் புதிய முரட்டுக் கித்தானை வைத்துத் தைத்தால், காற்று நிறையும்போது பழந்துணி விரியும், புதுத்துணி விரியாது. ஒட்டின் ஓரத்திலேயே மறுபடி கிழியும். பழையதற்குப் பழையதே துணை. ஒட்டுத்துணியின் இழையும் பாயின் இழையும் ஒரே திசையில் ஓடவேண்டும். ஓரங்களை உள்மடித்து, கிழிசலுக்கு அப்பால் உறுதியான துணிவரை ஒட்டு நீளவேண்டும். நூலுக்குத் தேன்மெழுகு பூசினால் அது இழையோடு இழையாய் ஒட்டி நிற்கும். உப்புநீரும் எளிதில் ஏறாது. ஊசி முப்பட்டையாய் இருக்கும். அதைத் தள்ள உள்ளங்கையில் தோல்பட்டை கட்டிக்கொள்வர்.

எங்கே செலவைக் குறைக்கலாம், எங்கே குறைக்கலாகாது என்று அறிவதே இக்கலையின் உயிர். பாயின் நடுவில் சிறு துளை இருந்தால் சிறிது காற்று வீணாகும், அவ்வளவே. ஆனால் பாயின் மூலைகளில்தான் கயிற்றின் இழுவிசை முழுவதும் வந்து சேர்கிறது. பருமல் என்னும் குறுக்குமரத்தோடு கட்டும் விளிம்பும் ஓயாமல் உரசுகிறது. அங்கெல்லாம் இரண்டு, மூன்று மடிப்புத் துணி வைத்துத் தைக்காதவன் புயலில் அதற்கு விலை கொடுப்பான்.

காசு செலவில்லாத காப்பும் உண்டு. ஈரப்பாயைச் சுருட்டி வைக்காமல் உலர்த்துவது, வேலை முடிந்தபின் வெயிலில் கிடக்கவிடாமல் மூடிவைப்பது, பருத்தித் துணியைத் துவர்ப்பான மரப்பட்டைச் சாற்றில் தோய்த்தெடுப்பது ஆகியவை பாயின் ஆயுளை நீட்டித்தன. வலைக்கும் இதே பட்டைச் சாறு பயன்பட்டது.

ஏழைகளின் மரக்கலம்

கஹ்பு சூராவில் வரும் மரக்கலத்தை நாம் அனைவரும் அறிவோம். ஹிள்று (அலை) அவர்கள் தாம் ஏறிய கலத்தைப் பழுதாக்கினார்கள். மூஸா (அலை) அவர்கள் திடுக்கிட்டுக் கேட்டார்கள். கடலில் உழைத்துப் பிழைக்கும் மிஸ்கீன்களின் கலம் அது என்றும், நல்ல கலங்களையெல்லாம் பறித்துக்கொள்ளும் அரசன் ஒருவன் இருந்தான் என்றும், அவனிடமிருந்து காக்கவே பழுதாக்கியதாகவும் பின்னர் விளக்கம் வந்தது.

மத்ரஸாவில் இவ்விடத்தை ஓதும்போது ஒரு சட்டநுட்பத்தைக் கற்கிறோம். பகீர், மிஸ்கீன் ஆகிய இருவருள் அதிக வறியவர் யார்? இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹபில் பகீரே அதிக வறியவர். அதற்குக் காட்டப்படும் சான்று இந்த வசனமே. ஒரு மரக்கலம் சொந்தமாக இருந்தும் இறைவன் அவர்களை மிஸ்கீன்கள் என்றே அழைத்தான். கையில் ஒரு படகு இருப்பதனால் ஒருவன் செல்வனாகிவிடுவதில்லை. அப்படகைப் பழுது பார்க்க வழியின்றியும் அவன் தவிக்கலாம். ஜகாத்தைப் பங்கிடும்போது நம் கடற்கரை ஜமாஅத்துகள் நினைவில் கொள்ள வேண்டிய பாடம் இது.

ஸஹீஹுல் புகாரியில் வரும் அறிவிப்பு கதையின் முடிவையும் தருகிறது. அரசனின் எல்லையைக் கடந்ததும் கலத்துக்கு உரியோர் அதைச் செப்பனிட்டுப் பயன்கொண்டனர். அந்த ஓட்டையைக் கண்ணாடிக் குப்பியால் அடைத்ததாகச் சிலரும், கீலால் அடைத்ததாகச் சிலரும் கூறினர் என்றும் அங்கே குறிக்கப்படுகிறது. இதைப் படிக்கும்போது, 16ஆம் நூற்றாண்டில் நாகூரில் வாழ்ந்த ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்களைப் பற்றி அங்கு வழங்கும் வரலாறு நினைவுக்கு வருகிறது. முடி மழிக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், ஓட்டை விழுந்து மூழ்கவிருந்த ஒரு கப்பலுக்காக ஆண்டகை அவர்கள் நாவிதரின் கண்ணாடியை வீசி எறிந்தார்கள் என்பதும், அது அந்த ஓட்டையை அடைத்தது என்பதும் அவ்வரலாறு. கடலோர மக்கள் தலைமுறை தலைமுறையாய்ப் போற்றிவந்த இக்கதையிலும், மூழ்கவிருந்த கப்பலைக் காத்தது ஓர் ஒட்டுதான்.

மறைக்காத ஒட்டு

ஒட்டுப் போடுவது இழிவன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள், செருப்பைத் தாமே செப்பனிட்டுக்கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஆட்சித் தலைவராய் இருந்த காலத்தில் உமர் (ரலி) அவர்களின் தோள்களுக்கிடையே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகளைத் தாம் கண்டதாக அனஸ் (ரலி) அவர்கள் கூறியது முவத்தாவில் பதிவாகியுள்ளது.

ஆனால் அந்த ஒட்டுகள் கண்ணுக்குத் தெரிந்தன என்பதை நாம் கவனிக்க வேண்டும். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். பழம்படகை விற்பவருக்கும் இது பொருந்தும். நைந்த மூலையை மடித்து மறைத்து விற்ற பாய், வாங்கியவனைக் கரையில் ஏமாற்றாது, நடுக்கடலில்தான் ஏமாற்றும். குறையை மறைத்து விற்றால், வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை நம் சட்டநூல்கள் நிலைநாட்டியுள்ளன. ஆனால் கடலில் போன உயிரை யாரிடம் திருப்பிக் கேட்பது?

இன்று பருத்திப் பாய் அருகிவிட்டது. விசைப்பொறி வந்தபின் பாயே அருகிவிட்டது. ஆயினும் பாலித்தீன் விரிப்பையும் உரச்சாக்கையும் சேர்த்துத் தைத்த பாயோடு சிறு படகு செலுத்தும் ஏழைகளைக் கடற்கரையோரத்தார் கண்டிருப்பர். அந்தச் சாக்குப்பாயைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். அதன் மூலைகளைப் பாருங்கள். அங்கே இரட்டை மடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வீட்டில் காத்திருப்போரை எண்ணித் தைத்த பாய் அது.

ஐதாபின் முதலாளிகளிடம் பணம் இருந்தது, பொறுப்பு இல்லை. கஹ்பு சூராவின் மிஸ்கீன்களிடம் பணம் இல்லை. ஆனால் பழுதைப் பார்த்துப் பார்த்து அடைத்துக் கலத்தைக் காத்துக்கொண்டார்கள். நம் குடும்பமும், நம் மத்ரஸாவும், நம் ஜமாஅத்தும் முன்னோர் ஓட்டி நம்மிடம் ஒப்படைத்த பழைய கலங்களே. அவற்றின் பாய்களில் கிழிசல் உண்டு. அதை மறைப்பதும் நம் வேலையன்று. கிழிந்ததென்று எறிவதும் நம் வேலையன்று. வெளிச்சத்தில் விரித்து, ஊசியை எடுத்து, மூலைகளிலிருந்து தைக்கத் தொடங்குவோமாக. வல்ல இறைவன் நம் கைகளுக்கு வலுவையும், நம் பாய்களுக்கு நல்ல காற்றையும் தந்தருள்வானாக. ஆமீன்.