கல்முனைக்கு வராத திருச்சபை

கல்முனை உவெஸ்லி உயர்தரப் பாடசாலையை மெதடிஸ்த மிஷன் 1883இல் ஆரம்பித்தது. நமது கரையில் மிஷன் என்றால் மெதடிஸ்தரும் கத்தோலிக்கருமே நினைவுக்கு வருவர். மெதடிஸ்தருக்கு ஈராண்டுகள் முன்னரே இலங்கையில் கால்பதித்த பப்டிஸ்ட் மிஷனைப் பற்றி இங்கு எவரும் பேசுவதில்லை. அவர்கள் ஏன் இப்பக்கம் வரவில்லை என்பதற்கு விடை தேடியபோது, வேறொரு பாடமும் எனக்குக் கிடைத்தது.

1792இல் வில்லியம் கேரி முதலானோர் இங்கிலாந்தில் அமைத்த சங்கத்தின் மிஷனரியான ஜேம்ஸ் சேட்டர், ரங்கூனிலிருந்து 1812இல் கொழும்பு வந்தார். 1815இல் சிங்கள இலக்கண நூலொன்றை வெளியிட்டார். பப்டிஸ்ட் பணி பெரிதும் சிங்களப் பிரதேசங்களிலேயே வேரூன்றியது. 1814இல் காலியில் கரையிறங்கிய மெதடிஸ்தர்களோ, தம்மைப் பல ஊர்களுக்குப் பகிர்ந்துகொண்டனர். மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட் ஓராண்டு நிறையுமுன் 1815இல் மரணித்தார். ஆயினும் அவர் தொடக்கிய பணி நிலைத்தது. கிழக்குக் கரை மெதடிஸ்தரின் களமாயிற்று.

பப்டிஸ்ட் சபையினர் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் வழங்குவதில்லை. விசுவாசத்தைத் தானே அறிக்கையிடுபவரையே நீரில் முழுக்குவர். ஒவ்வொரு சபையும் தன் போதகரைத் தானே தெரிவுசெய்யும். மேலே ஆயர் இல்லை. நமது பள்ளிவாசல்கள் தத்தம் நம்பிக்கையாளர் சபையால் நிர்வகிக்கப்பட்டு, பொதுக் காரியங்களுக்குச் சம்மேளனமாகக் கூடுவதை ஒத்தது இது. அவர்களின் தேசிய அமைப்பும் 'இலங்கை பப்டிஸ்ட் சங்கமய' என்றே பெயர் கொண்டுள்ளது. சிங்களத்தில் சங்கமய, நமக்குச் சங்கம்.

இச்சிறு சங்கம் இரு சோதனைகளைச் சந்தித்தது. 1960-61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. நமது உவெஸ்லி அரச பாடசாலையாயிற்று. 1914இல் தொடங்கிய கொழும்பு கேரி கல்லூரியைப் பப்டிஸ்ட் சபையினர் அரசிடம் ஒப்படைக்கவில்லை. அது இன்றும் தனியார் பாடசாலையே. அடுத்தது திருச்சபை ஐக்கியத் திட்டம். அங்கிலிக்கன், மெதடிஸ்த, பிரெஸ்பிட்டேரியன் சபைகளுடனும் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துடனும் இவர்களும் பேச்சுவார்த்தையில் அமர்ந்தனர். குழந்தை ஞானஸ்நானமும் வயதுவந்தோர் ஞானஸ்நானமும் ஒரே திருச்சபையில் இடம்பெறலாம் என இணக்கம் காணப்பட்டது. 1972இல் மலரவிருந்த அந்த ஐக்கியம், சிலர் நீதிமன்றம் சென்றதால் தடைப்பட்டது.

எனினும் அந்த இணக்கத்தை நான் தோல்வியாகக் கருதவில்லை. பெரியவற்றுள் கரைந்துவிடாமல் அவற்றுடன் கூடி வாழ்வது எவ்வாறு என்பதே அவர்கள் முன்னிருந்த வினா. பிரதேச செயலகத்தின் பெயரால் தமிழரும் முஸ்லிம்களும் முறுகி நின்ற கல்முனையிலிருந்து செய்தி எழுதியவன் என்ற முறையில், அது நமது வினாவும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் மற்றவரின் ஞானஸ்நானத்தை ஏற்காதபோதும் ஒரே மேசையில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து பேசினார்கள். நாம் எத்தனை நாட்கள் அமர்ந்திருக்கிறோம்?