பொருட்காட்சியில் பிழைத்த சிசுக்கள்

நியூயார்க்கின் கோனி ஐலண்டில், ராட்டினங்களுக்கும் தீனிக் கடைகளுக்கும் நடுவே 1903 முதல் ஒரு விசித்திரமான அரங்கு இருந்தது. வாசலில் ஒருவர் நின்று கூவிக் கூவி ஆள் சேர்ப்பார். 25 சென்ட் கொடுத்து உள்ளே நுழைந்தால், கண்ணாடி பதித்த பெட்டிகளுக்குள் வரிசையாகக் குறைமாதக் குழந்தைகள். உயிருள்ள குழந்தைகள்! கூட்டம் வேடிக்கை பார்க்கத்தான் வந்தது. அந்தச் சில்லறையில்தான் பாலும் செவிலியர் சம்பளமும் நடந்தன. பெற்றோரிடம் ஒரு காசு வாங்கவில்லை.

அந்தப் பெட்டியின் பூர்வீகம் கோழிப்பண்ணை. பாரிஸ் விலங்குப் பூங்காவில் முட்டைகளை அடைகாக்கும் கருவியைப் பார்த்த பிரசவ மருத்துவர் ஸ்டெஃபான் தார்னியே, அதே போல ஒன்றைச் சிசுக்களுக்குச் செய்து தரச் சொன்னார். 1880-ஐ ஒட்டி அது மெட்டர்னிட்டே மருத்துவமனைக்கு வந்தது. அடியில் வெந்நீர், மேலே குழந்தை, அவ்வளவுதான். அங்கே 2 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளின் இறப்பு 66 சதவீதத்திலிருந்து 38 சதவீதமாக இறங்கியது.

பெட்டியை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் மார்ட்டின் கூனி. 1896-இல் பெர்லின் பொருட்காட்சியில் தொடங்கியதாகச் சொல்வார்கள்; பிறகு அமெரிக்காவிலும் காட்சி வைத்தார். கோனி ஐலண்ட் அரங்கு அவருடையதுதான். டாக்டர் என்றே அழைக்கப்பட்டார். ஆனால் மருத்துவப் பட்டம் பெற்றதற்கான சான்று ஆய்வாளர்களுக்கு அகப்படவில்லை. வித்தைக்காரத்தனமும் உண்டு. அவருடைய தலைமைச் செவிலியர் லூயிஸ் ரெக்ட், தன் மோதிரத்தைக் கழற்றிக் குழந்தையின் மணிக்கட்டில் வளையலாக மாட்டிக் காட்டுவாராம்.

ஆனால் திரைக்குப் பின்னால் விளையாட்டுக்கு இடமில்லை. தாய்ப்பால் கொடுக்கச் சம்பளத்துக்குத் தாய்மார்கள் இருந்தார்கள்; அவர்கள் கண்டதைத் தின்றால் வேலை போய்விடும். உறிஞ்சத் தெம்பில்லாத குழந்தைக்குச் சிறு கரண்டியால் பால் புகட்டினார்கள். கறுப்பினக் குழந்தைகளையும் கூனி சேர்த்துக்கொண்டார், அந்தக் காலத்து அமெரிக்காவில்! 1904-இல் செயின்ட் லூயிஸ் பொருட்காட்சியில் வேறு சிலர் இதே பெட்டிகளோடு கடை விரித்தார்கள். பேதி பரவிக் குழந்தைகள் பலர் மாண்டனர். பெட்டி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பாலும் சுத்தமும் பழகிய கையும்தான் வேறு.

கூனியின் மகள் ஹில்டகார்டும் 1907-இல் குறைமாதத்தில் பிறந்தவள். அவளையும் அதே பெட்டியில்தான் வைத்தார். வளர்ந்தபின் அவள் தந்தையின் அரங்கிலேயே செவிலியரானாள்.

பச்சிளங் குழந்தையைக் காட்சிப்பொருளாக்குவது அருவருப்பு என்று கண்டித்தவர்கள் உண்டு. நியாயமான கண்டனம்தான். ஆனால் கண்டித்த ஊரின் மருத்துவமனைகளில் இந்தக் குழந்தைகளுக்கு இடம் எங்கே இருந்தது? பல மருத்துவர்கள் இவர்களைத் தேறாத பிறவிகள் என்றே ஒதுக்கினார்கள். சிகாகோவின் ஜூலியஸ் ஹெஸ் விதிவிலக்கு. 1922-இல் குறைமாதக் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய அவர், கூனியின் நண்பரும்கூட. 1933-இல் சிகாகோ உலகப் பொருட்காட்சியில் இருவரும் கைகோத்தார்கள். அங்கே பராமரிக்கப்பட்ட 58 குழந்தைகளில் 41 பேரை மறு ஆண்டு தாய்மார்கள் தூக்கிக்கொண்டு அதே இடத்துக்கு வந்தார்கள்.

கூனியிடம் வந்த சுமார் 8,000 குழந்தைகளில் 6,500 பேர் பிழைத்ததாகக் கணக்கு சொல்கிறார்கள். 1943-இல் நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவமனை குறைமாதக் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு திறந்தது. அதே ஆண்டு கூனி கோனி ஐலண்டில் கடையைக் கட்டினார்.