பிலிப்பைன்ஸ் முன்னாள் படைவீரர் ஓய்வூதியச் சிக்கல்

பிலிப்பைன்ஸ் முன்னாள் படைவீரர் ஓய்வூதியச் சிக்கல் என்பது, இரண்டாம் உலகப் போரில் ஐக்கிய அமெரிக்காவின் கட்டளையின் கீழ்ப் போரிட்ட பிலிப்பைன்ஸ் நாட்டினர், அமெரிக்கப் படைவீரருக்குரிய ஓய்வூதியத்தையும் பிற நலன்களையும் கோரி நடத்திய நீண்டகாலப் போராட்டத்தைக் குறிக்கும். 1946இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் இவ்வுரிமையை அவர்களிடமிருந்து நீக்கியது. 63 ஆண்டுகளுக்குப் பின், 2009இல், ஓய்வூதியத்துக்கு மாற்றாக ஒருமுறை மட்டும் வழங்கும் தொகை ஒன்று அறிவிக்கப்பட்டது. அப்போது எஞ்சியிருந்தோரில் பெரும்பாலோர் எண்பது வயதைக் கடந்தவர்கள்.

பின்னணி

1898இல் எசுப்பானியாவிடமிருந்து அமெரிக்காவின் ஆட்சிக்கு மாறிய பிலிப்பைன்ஸ், 1935இல் தன்னாட்சி அரசைப் பெற்றது. பத்தாண்டு இடைக்காலத்துக்குப் பின் முழு விடுதலை என்பது ஏற்பாடு. ஆயினும், அதற்கு வழிவகுத்த 1934ஆம் ஆண்டுச் சட்டம், பிலிப்பைன்ஸ் அரசின் படைகளைத் தன் சேவைக்கு அழைக்கும் அதிகாரத்தை அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கு அளித்திருந்தது. அவ்வதிகாரத்தைக் கொண்டே 1941 சூலை 26 அன்று பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இப்படைகளை அமெரிக்க ஆயுதப் படைகளின் சேவைக்கு அழைத்தார். ஜெனரல் டக்ளஸ் மக்கார்தர் இவற்றின் தளபதியானார்.

1941 டிசம்பரில் ஜப்பான் தாக்கியது. 1942 ஏப்ரல் 9 அன்று பட்டான் தீபகற்பமும், மே 6 அன்று கொரெகிடோர் தீவும் வீழ்ந்தன. பட்டானில் சரணடைந்த பல்லாயிரம் பேர் சிறை முகாம் நோக்கி ஏறத்தாழ 100 கி.மீ. நடத்திச் செல்லப்பட்டனர். வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் வீரர்களே. பிடிபடாதோர் பலர் மலைகளிலும் காடுகளிலும் கெரில்லாக் குழுக்களாக இயங்கினர்.

1946ஆம் ஆண்டு ரத்துச் சட்டம்

போருக்குப்பின் செலவுக் கணக்கு முன்னே வந்தது. இவ்வீரர்களுக்கு முழு நலன்களையும் வழங்கினால் 300 கோடி டாலருக்கு மேல் ஆகும் என மதிப்பிடப்பட்டது. நாடு விரைவில் விடுதலை பெறப்போகிறது என்பதும் வாதமாக வைக்கப்பட்டது. 1946 பெப்ரவரி 18 அன்று கையொப்பமான சட்டம், பிலிப்பைன்ஸ் படைக்கு 20 கோடி டாலர் ஒதுக்கியது. அதனுடன் சேர்க்கப்பட்ட நிபந்தனை, அப்படையில் ஆற்றிய சேவையை அமெரிக்கப் படைச் சேவையாகக் கருதலாகாது என்றது. போரில் ஊனமுற்றோருக்கும் இறந்தோர் குடும்பத்துக்கும் உரிய இழப்பீடு மட்டும் தப்பியது. அதுவும் ஒரு டாலருக்கு ஒரு பெசோ என்ற வீதத்திலேயே கொடுக்கப்பட்டது. அந்நாளில் ஒரு டாலர் இரண்டு பெசோவுக்குச் சமம். எனவே கைக்குக் கிடைத்தது பாதியே.

கையொப்பமிட்ட ஹாரி ட்ரூமன், இவ்வீரர்களின் நலனில் அமெரிக்காவுக்கு அறக்கடமை உண்டு என்பதை அப்போதே ஏற்றுக்கொண்டார். சட்டம் நின்றது. 1989இல் ஒரு மாவட்ட நீதிமன்றம் இதனை அரசியலமைப்புக்கு முரணானது என்றது. 1991இல் வாசிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆட்சிப்பகுதி மக்களுக்கான நலன்களை வரையறுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்பது அதன் நிலைப்பாடு.

அமெரிக்காவில் முதுமை

1990ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் இவ்வீரர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை பெற வழி திறந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இதனைப் பயன்படுத்தினர். குடியுரிமை கிடைத்தது, ஓய்வூதியம் கிடைக்கவில்லை. குடும்பத்தை ஊரில் விட்டுவந்த முதியோர் பலர், கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் நெருக்கடியான அறைகளைப் பகிர்ந்துகொண்டு, வறியோருக்கான அரசு உதவித்தொகையில் காலம் கழித்தனர். 1997இல் சிலர் வெள்ளை மாளிகையின் வேலியில் தம்மைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு போராடினர். முழு நலன்களையும் மீட்டளிக்கும் சட்டவரைவுகள் பலமுறை முன்மொழியப்பட்டும் நிறைவேறவில்லை.

2009ஆம் ஆண்டு இழப்பீடு

2009 பெப்ரவரி 17 அன்று கையொப்பமான பொருளாதார மீட்புச் சட்டத்தில் இதற்கென 19.8 கோடி டாலர் இடம்பெற்றது. அமெரிக்கக் குடிமக்களான வீரர்களுக்கு 15,000 டாலரும் மற்றவர்களுக்கு 9,000 டாலரும் வழங்கப்பட்டன. விண்ணப்பிக்க ஓராண்டே அவகாசம். தொகையைப் பெறுவோர், அச்சேவை தொடர்பாக அமெரிக்க அரசின்மீது புதிய கோரிக்கை எழுப்பும் உரிமையைக் கைவிட வேண்டும். விண்ணப்பித்தபின் வீரர் இறந்தால் தொகை அவரது துணைக்குச் சேரும். முன்னரே இறந்திருந்தால் துணைக்கு ஒன்றுமில்லை.

சான்று பற்றிய சிக்கல்

சட்டத்தைவிட இதுவே பலரைத் தடுத்தது எனலாம். 42,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களில் ஏறத்தாழ 19,000 மட்டுமே ஏற்கப்பட்டன. ஒருவர் சேவையாற்றினார் என்பதை அமெரிக்கத் தரைப்படையின் ஆவணங்களே உறுதிசெய்ய வேண்டும். இதற்கான சரிபார்ப்பு, மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் நடந்தது. கெரில்லாக்களைப் பொறுத்தவரை, 1948இல் முடிவுற்ற ஏற்புப் பணியின்போது திரட்டப்பட்ட பெயர்ப்பட்டியல் முதன்மையானது. அப்பணியின்போது 12 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கெரில்லாக்களாக ஏற்கக் கோரினர். ஏற்கப்பட்டோர் ஏறக்குறைய 2,60,000. போலிக் கோரிக்கைகள் ஏராளம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பகைவரின் ஆட்சிக்குள் மறைந்து இயங்கும் குழு ஒன்று, தன் ஆட்களின் பெயரை எழுதி வைப்பதே உயிருக்கு ஆபத்து. அத்தகைய படைக்குப் பட்டியலை அளவுகோலாக்கும்போது, பட்டியலில் பெயர் இல்லாமை என்பது போரில் ஆள் இல்லாமை என்பதாகிவிடுகிறது.

பிலிப்பைன்ஸ் அரசின் ஆவணங்கள் மட்டும் அமெரிக்க அலுவலகத்துக்குப் போதுமானவை அல்ல. இதனால், தாய்நாடு முன்னாள் படைவீரர் என ஏற்று ஓய்வூதியம் அளித்த ஒருவரை, அவர் எவருடைய கட்டளையின் கீழ்ப் போரிட்டாரோ அந்நாடு ஏற்காத நிலையும் உண்டானது. தரைப்படை அளிக்கும் முடிவு முன்னாள் படைவீரர் துறையைக் கட்டுப்படுத்தும் என நீதிமன்றங்களும் கூறியிருந்தன. வெள்ளை மாளிகை 2012இல் அமைத்த குழு இந்நடைமுறையை ஆராய்ந்தது. சரிபார்ப்பு முறை விளக்கி வெளியிடப்பட்டதேயன்றி அடிப்படை மாறவில்லை.

பிற்கால நிகழ்வுகள்

2016 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2017 அக்டோபர் 25 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் இவ்வீரர்களுக்குக் கூட்டாக வழங்கப்பட்டது. பிலிப்பைன்ஸ் அரசு 2018இல் இயற்றிய சட்டம், இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கான தன் மாதாந்த முதியோர் ஓய்வூதியத்தை 5,000 பெசோவிலிருந்து 20,000 பெசோவாக உயர்த்தியது.